நடுங்காத ஹெலிகொப்டர்

அன்பு மகனுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல் என்றுதான் எங்கள் காலத்துக் கடிதம் தொடங்கும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் நீ என் முகத்தைப் போனில் பார்த்துவிடுகிறாய், நானும் உன் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். பிறகு என்ன நலம், என்ன ஆவல். போன வெள்ளிக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். கட்டாரில் உன் கம்பனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது, இந்த முறை நீண்ட காலத்துக்கு, மனைவி பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடும்படியாக. கையெழுத்துப் போடவா, விடவா என்று கேட்டாய். "வாப்பா, நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்கொ" என்றாய். நான் வழக்கம்போல, "ஒனக்கு எது சரியோ அதச் செய் மகன்" என்று சொல்லிவிட்டு போனை உன் உம்மாவிடம் நீட்டிவிட்டேன். அவள் பேசி முடித்து, போனை மேசையில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் எனக்கு அந்த ஒரு வசனம்தான் வாயில் வருகிறது. உன் கேள்விக்கு என் மனதில் இருக்கிற பதில் வேறு. அதற்கு வந்து சேரக் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. எனக்குக் களைப்பாகவும் இருக்கிறது, ஆகவே மெதுவாகத்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

சில வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது நீ ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாய். நானும் உன் உம்மாவும் பால்மா, பேரீச்சம்பழம், சவர்க்காரம் என்று எதிர்பார்த்திருந்தோம். திறந்தால் ஹெலிகொப்டர். விளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு பெரிய பெட்டி என்று உம்மா கேட்டதும் உன் முகம் சுருங்கிவிட்டது. விசிறி பட்டால் விரல் போய்விடும், இதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லாதீர்கள் என்றாய். வீட்டுக்குப் பின்னால் பண்டாரவின் வயல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது. நீ அங்கே நின்று அதைத் தலைகீழாகப் பறக்கவிட்டாய், குட்டிக்கரணம் போடவைத்தாய். பண்டார வரம்பில் குந்திக்கொண்டு வெற்றிலையை மெல்லக்கூட மறந்து பார்த்தான். கலகெதர டவுனிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். லீவு முடிந்ததும் அதைப் பெட்டிக்குள் போட்டு அலுமாரியின் மேலே ஏற்றிவைத்துவிட்டு, இதில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் வாப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அது நான் கண்டி டவுனில் இருந்த கடையை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்த காலம். வாழ்நாள் முழுக்கத் தையல் மெஷின் விற்று, திருத்தி, எண்ணெய்க் கையோடு சோறு தின்றவன் நான். சும்மா இருக்கத் தெரியாமல் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடப்பேன். காலுக்குள் சுற்றுகிற பூனையைத் துரத்துவதுபோல உம்மா என்னைக் குசினியிலிருந்து துரத்துவாள். ஒருநாள் கதிரையைப் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன். உன் பழைய கொம்பியூட்டரில் இருந்த பறக்கவிடும் விளையாட்டில் பழகினேன், பிறகு வயலுக்குப் போனேன். விழுத்தினேன், உடைத்தேன், உன்னிடம் ஏச்சு வாங்கினேன், நீயே பாகங்களை அனுப்பிவைத்தாய். தஸ்பீஹ் மணி உருட்டுகிற வயதில் ரிமோட் உருட்டுகிறீர்களே என்று பள்ளிவாசலில் சீண்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது சொன்னால் என்ன. உன் அடுத்த லீவுக்கு முன் அதை நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தில் நிற்கவைக்கப் பழகிவிட்டேன். வேகமாகப் பறக்கவிடுவதைவிட ஓர் இடத்தில் நிற்கவைப்பதுதான் கஷ்டம் என்று நீ சொல்லித் தந்திருந்தாய்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மெஷினுக்கு ஊசி கோக்கப் போய், நூல் ஊசியின் காதைச் சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் முதலில் கவனித்தேன். கண் பார்க்காமலே ஊசி கோத்த விரல்கள் மகன் இவை. அன்று அந்த வீட்டுப் பெண்ணிடம் வெளிச்சம் போதாது என்று சொன்னேன். பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, இது பயப்படுகிற வகை நடுக்கம் இல்லை, வயதோடு வருவது, ஆனால் கூடிக்கொண்டுதான் போகும், மாத்திரை ஓரளவுக்குத்தான் பிடிக்கும் என்றார். அந்த வெள்ளிக்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ உடனே கேட்டாய், "வலது கையா, இடது கையா வாப்பா? ரிமோட்ல எந்த ஸ்டிக்?" உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இயந்திரம் படித்தவனிடம் வயிற்று வலி என்றால் எந்தக் குழாய் என்றுதான் கேட்பான். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று நிம்மதியாகக்கூட இருந்தது. மற்ற எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நீ மட்டும் இதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்தாய்.

செய்யவும் செய்தாய். ஹெலிகொப்டரின் உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டி இருக்கிறது, கைரோ என்போம். ரிமோட்டின் ஸ்டிக்கை நான் எவ்வளவு அசைக்கிறேன் என்று பார்த்து, விசிறியை எவ்வளவு சாய்ப்பது என்று முடிவெடுப்பது அதுதான். ஸ்டிக்கின் நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நடக்கிற அசைவை அது கவனிக்காமல் விடும்படி செய்யலாம். அதற்கு நீ ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னாய். நான் அதைச் செவிட்டு இடம் என்று கூப்பிட்டேன். அந்தச் செவிட்டு இடத்தைப் பெருப்பித்துவிட்டால் என் நடுக்கம் கைரோவின் காதில் விழாது. கை ஆடினாலும் ஹெலிகொப்டர் ஆடாது. ஆனால் கைரோவின் அமைப்பை மாற்ற, லெப்டொப்பை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கேபிளைச் செருக வேண்டும். செருகுகிற முனை அரிசி மணியளவு. அதைச் செருகுவதற்கு நடுங்காத கை வேண்டும். கை நடுங்காதவனுக்கோ அதைச் செருக வேண்டிய தேவையே இல்லை. இதை நான் சொன்னதும் நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு நீ, கேபிளே வேண்டாம், கம்பியில்லாத அடப்டர் ஒன்றை நாமே செய்வோம் என்றாய்.

ஒரு சின்ன புளூடூத் தட்டு, நான்கு வயர், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு துண்டு. இவ்வளவுதான். ஒருமுறை செருகி ஹெலிகொப்டரின் வயிற்றோடு கட்டிவிட்டால் பிறகு கழற்ற வேண்டியதில்லை, போனிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம். சாமான்களைக் கண்டி டவுனில் தேடி எடுத்தேன். மின்சாரம் குறைக்கிற துண்டு எதற்கென்று விளங்காமல், அது இல்லாமலே முதல் தட்டைப் பொருத்தினேன். ஒரு முறை கண் சிமிட்டியது, பிறகு புகை விட்டது. இரண்டாவது தட்டில் பேசுகிற வயரைக் கைரோவின் பேசுகிற வயரோடும், கேட்கிற வயரைக் கேட்கிற வயரோடும் சேர்த்துவிட்டேன். நிறத்துக்கு நிறம் சரியாக இருந்ததே என்றேன். இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கம் கேட்க வேண்டாமா, மாற்றிப் போடுங்கள் என்றாய். மாற்றிப் போட்டதும் போனின் திரையில் கட்டம் கட்டமாக ஏதோ கிறுக்கல் வந்தது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் பேசுகின்றனவாம். அதையும் நீ அங்கிருந்தே சொல்லித் தந்து சரியாக்கினோம்.

அந்த நாட்களில் நான் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. ஈயத்தை உருக்கி வயர் ஒட்டுகிற சூட்டுக்கோலை என்னால் பிடிக்க முடியவில்லை. நுனி வயரைத் தொடாமல் தட்டு முழுக்க ஓடியது. உம்மா புருவம் பிடுங்குகிற சாவணத்தால் வயரைப் பிடித்துத் தந்தாள், அப்போதும் முடியவில்லை. பிறகு அவள் சூட்டுக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பில் வயரை மாட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தானே ஒட்டினாள். எம்பிராய்டரி போட்ட கை அவளுடையது. நான் பக்கத்தில் நின்று வாயால் வேலை செய்தேன். அந்த அரிசி மணி முனையைச் செருகியதும் அவள்தான். படத்தை அனுப்பியதும், "வாப்பாட வேல இன்னம் அப்படியே ஈக்கிதே" என்று நீ சந்தோஷப்பட்டாய். உம்மா பக்கத்தில் நின்று சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் உன்னைத் திருத்தவில்லை. உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்றுதான் நினைத்தோம்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் நல்ல நாட்கள். அஸர் தொழுகைக்குப் பின் வயலுக்குப் போவேன். பண்டார, உன் உம்மாவின் போனைப் பிடித்து உனக்கு வீடியோ காட்டுவான். என் போனின் திரையை நீ தோஹாவிலிருந்தே இயக்க ஏதோ போட்டுத் தந்திருந்தாய். நீ அங்கே சோபாவில் இருந்தபடி இங்கே வயலில் நிற்கிற ஹெலிகொப்டரின் செவிட்டு இடத்தைக் கூட்டுவாய், குறைப்பாய், இப்போ எடுங்கொ வாப்பா என்பாய். முதல் நாள் அது எழும்பி, காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல நின்றது. ஸ்டிக்கில் என் பெருவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் விரலைப் பார்த்தேன், மேலே பார்த்தேன், மறுபடி விரலைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மகன். பண்டார வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என் பிள்ளை எனக்காகச் செய்த காரியம் இது என்று பள்ளிவாசலில் யாரைக் கண்டாலும் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியும் பொய் இல்லை, அதை நீ ஒருபோதும் சந்தேகப்படாதே.

நடுக்கம் கூடியது. நான் அடுத்த வெள்ளி, கொஞ்சம் கூட்டிவிடு மகன் என்பேன். நீ கூட்டிவிடுவாய். ஹெலிகொப்டர் முன்னைப்போலவே நிற்கும். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் நீ வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பாட கை இப்ப நல்லாகிட்டு போல" என்றாய். நான் ஓ என்றேன். அன்று காலை என் சட்டைப் பொத்தானை உம்மாதான் போட்டுவிட்டிருந்தாள். நான் தேத்தண்ணீரைக் கோப்பையில் குடிப்பதை விட்டு மூடி போட்ட போத்தலில் குடிக்கத் தொடங்கியிருந்தேன். குழம்பு ஆணத்தைத் தனியாக என் சாப்பாட்டுத் தட்டில் யாரும் ஊற்றுவதில்லை, சோற்றோடு பிசைந்துதான் தருவாள். நீ பார்த்தது என் கையை அல்ல, ஹெலிகொப்டரை. அது நன்றாக நின்றது, ஆகவே வாப்பா நன்றாக இருக்கிறார். செவிட்டு இடத்தைக் கூட்டியது நீயே என்றாலும் உனக்கு அது மறந்துவிட்டது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. மறக்கும்படி நானும் நடந்துகொண்டேன்.

நம்ப விரும்புகிற பிள்ளை எப்படி நம்பும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடை போடுவதற்கு முன் நான் ஜித்தாவில் மெஷின் திருத்துகிற வேலை செய்த காலத்தில் நம் வீட்டில் போன் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை அடுத்த வீட்டுக்கு எடுப்பேன், என் வாப்பா வந்து பேசுவார். சுகமாக இருக்கிறேன், நீ வேலையைப் பார் என்பார். குரல் நல்ல கணீரென்று இருக்கும். அவர் போனுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறதே, நிமிடத்துக்குக் காசு ஓடுகிறதே என்று எனக்குச் சலிப்புகூட வரும். அவர் காலமான பிறகுதான் தெரிந்தது, கடைசி வருடத்தில் அவருக்கு நடக்க முடியவில்லை. கதிரையோடு அவரைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போய் அந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள். தூக்கியவர்களில் ஒருத்தி உன் உம்மா, அப்போது நீ அவள் வயிற்றில். எழுதவேண்டாம், பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று வாப்பா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். நான் வந்திருப்பேனா? தெரியாது. அதுதான் இன்றைக்கும் என்னை அரிப்பது. வந்திருப்பேனா மாட்டேனா என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஒரு வாய்ப்புத் தரப்படவில்லை.

விழுந்த நாளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். பண்டார போனைப் பிடித்திருந்தான், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். செவிட்டு இடம் அப்போது மிகவும் பெரிதாகியிருந்தது. அவ்வளவு பெருத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சின்னத் திருத்தத்தை அது கேட்காது. கேட்கவைக்க ஸ்டிக்கை நிறையத் தள்ள வேண்டும், தள்ளினால் ஒரேயடியாகப் பாயும். கலகெதரப் பக்கம் பின்னேரத்தில் காற்று வரும் என்பது தெரிந்ததுதான். பெரிய காற்றும் இல்லை, பலா இலையை அசைக்கிற காற்று. ஹெலிகொப்டர் மெதுவாக வரம்புப் பக்கம் நகர்ந்தது. நான் கொஞ்சம் இழுத்தேன், கேட்கவில்லை. இன்னும் இழுத்தேன், கேட்கவில்லை. அந்த வரம்பில் உம்மா தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்துகொண்டிருந்தாள். நான் பயத்தில் முழுவதுமாக இழுத்தேன். அது பாய்ந்தது, ஆனால் வளைந்து அவள் பக்கமே பாய்ந்தது. விசிறியை நிறுத்துகிற சுவிட்ச் ரிமோட்டின் மூலையில் இருக்கிறது. "சுவிட்ச் வாப்பா, சுவிட்ச்" என்று நீ போனில் கத்துவது எனக்குக் கேட்டது. என் விரல் சுவிட்சுக்குப் போனது, பக்கத்தில் பட்டது, மறுபடி பக்கத்தில் பட்டது.

பண்டார போனைப் போட்டுவிட்டு ஓடி உம்மாவை வயலுக்குள் தள்ளினான். உனக்கு அதன் பிறகு சேறும் வானமும்தான் தெரிந்திருக்கும். ஹெலிகொப்டர் வரம்பில் அடித்து உடைந்தது. விசிறித் துண்டு ஒன்று அவள் நின்ற இடத்தில் மண்ணுக்குள் ஏறி நின்றது. அதைக் கையால் பிடுங்க முடியவில்லை, பண்டார மண்வெட்டியால் கிளறித்தான் எடுத்தான். உம்மா எழும்பிச் சேற்றைத் தட்டிக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன், சுவிட்சை இன்னும் தேடிக்கொண்டிருந்தேனாம். நீ மறுபடி எடுத்தபோது உன் குரல் உடைந்திருந்தது. உம்மாவுக்கு ஒன்றுமில்லையே, உம்மாவைக் காட்டுங்கள் என்றாய். காட்டினோம். என்ன நடந்தது என்று கேட்டாய். "காத்து அடிச்சிட்டு மகன்" என்றேன். நீ நம்பினாய்.

மறுநாள் நீ ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். புதிதாக ஒரு கைரோ வந்திருக்கிறதாம், தான் நிற்கும் இடத்தைத் தானே தெரிந்துகொண்டு அங்கேயே நிற்குமாம், காற்று தள்ளினாலும் திரும்பி வருமாம், ஸ்டிக்கை விட்டுவிட்டால்கூட விழாதாம். ஓடர் பண்ணிவிட்டதாகவும், அடப்டர் பழையதே போதும், அமைப்பை எல்லாம் அங்கிருந்தே போட்டுத் தருவதாகவும் எழுதியிருந்தாய். நான் அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல பிள்ளை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவன் அங்க ஈந்துக்கிட்டே எல்லாத்தையும் சரியாக்கிருவான்" என்றாள். "வாறதுக்கு ஒரு காரணமே மிஞ்சாது." இவ்வளவுதான் சொன்னாள். நான் அதற்குப் பிறகு அந்தப் புதுக் கைரோவைப் பற்றிப் பேசவில்லை. பெட்டி வந்திருக்கிறது, பிரிக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதே. வா. உன் ஒப்பந்தம் முடிந்ததும் மருமகள் நுஸ்ராவையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இதை எழுதிவிட்டு எனக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவு பாரமான வார்த்தையாக இது எனக்குள் கிடந்திருக்கிறது. பெற்றவர்கள் இப்படிக் கேட்கக் கூடாது, பிள்ளையின் வழியில் விழக் கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். நீ நல்லா இருந்தால் போதும் என்று சொல்வது எங்கள் வாயில் துஆ மாதிரி வருகிறது. அது உண்மையும்தான். ஆனால் போதும் என்பது மட்டும் உண்மை இல்லை மகன். போதவில்லை.

உன்னைப் பயமுறுத்திக் கூப்பிடவில்லை. இந்த நடுக்கத்தால் யாரும் மவுத்தாவதில்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். என்னைப் பராமரிக்க ஆள் வேண்டியும் கூப்பிடவில்லை, பொத்தான் போட உன் உம்மா இருக்கிறாள். நீ வந்துவிட்டால் கை நின்றுவிடப் போவதும் இல்லை. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நடுங்க வேண்டும், அவ்வளவுதான். நான் தேத்தண்ணீரைக் கொட்ட வேண்டும், நீ ஏச வேண்டும், சின்னவள் சிரிக்க வேண்டும், உம்மா துணி எடுத்துக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் சரிசெய்யத் தெரிந்த பிள்ளை நீ. அல்லாஹ் உனக்கு அந்த மூளையைத் தந்திருக்கிறான். சரிசெய்ய முடியாத ஒன்றுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான், அதை நான் உனக்குப் பழக்கவில்லை. நானும் என் வாப்பாவுக்கு அதைச் செய்யவில்லை.

வந்தால் என்ன செய்வாய் என்று நானும் யோசிக்காமல் இல்லை. கண்டிக் கடையை வாடகைக்கு எடுத்தவர் இந்த வருடத்தோடு விடப்போகிறார். கட்டாரில் எடுக்கிற சம்பளம் அதில் வராது, பாதியும் வராது, பொய் சொல்லமாட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்த கூட்டாளிகள் சிலர் இங்கேயே வேலை செய்து, முணுமுணுத்துக்கொண்டே பிழைக்கத்தான் செய்கிறார்கள். நீயும் முணுமுணுப்பாய், என் மேல் கோபம்கூட வரும் சில நாளைக்கு. கரண்ட் பில் வருகிற நாளில் கட்டாயம் வரும். அதை நான் வாங்கிக்கொள்வேன். இன்னொன்று, நுஸ்ராவிடம் கேட்டாயா? என்னிடம் கேட்டாய், உன் மெனேஜரிடம் கேட்டாய், அவளிடம் கேட்டதாக நீ சொல்லவில்லை. போன மாதம் நீ வேறு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம், "மாமா, இங்க புள்ளக்கி வெளாட ஒரு புடி மண் இல்ல" என்றாள். நீ திரும்பி வந்ததும் பேச்சை மாற்றிவிட்டாள். கல்யாணம் முடித்தவனுக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. உன் மனைவி பேச்சை மாற்றுகிற இடத்தைக் கவனி. நான் பல வருடம் கவனிக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கையெழுத்துப் போடுவதுதான் சரி என்று உனக்குப் பட்டால், போடு. நான் கோபிக்கமாட்டேன், வெள்ளிக்கிழமை போனை எடுக்காமல் விடமாட்டேன். ஆனால் வாப்பாதான் எது சரியோ செய் என்றாரே என்று என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு போடாதே. என் வாப்பா எனக்குத் தராத அந்த வாய்ப்பை நான் உனக்குத் தருகிறேன், தெரிந்துகொண்டு முடிவெடு. எனக்கு உன் தேவை இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

இதை போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பலாமே என்றாள் உம்மா. பிறகு, நீங்கள் சொல்லுங்கள், நான் அழகாக எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வாரக் கணக்கில், காலையில் மாத்திரை கொஞ்சம் பிடிக்கிற நேரத்தில் எழுதினேன். சில பக்கங்களில் எழுத்து கோட்டை விட்டு எங்கெங்கோ ஓடியிருக்கிறது, சில இடங்களில் பேனை தாளைக் கிழித்திருக்கிறது. எதையும் நான் திருப்பி எழுதவில்லை. இதற்கும் உன் கண்ணுக்கும் நடுவில் எந்தப் பெட்டியும் இல்லை மகன், என் கை இப்போது இப்படித்தான் இருக்கிறது. உம்மாவிடம் காட்டினேன், அவளுக்கே பாதி விளங்கவில்லையாம். உனக்கும் விளங்காத இடம் இருக்கும். அதை போனில் கேட்காதே. வந்து கேள்.

உன் வாப்பா